சனத்தொகை: பூச்சியம்

எனக்குப் பிரெஞ்சு தெரியும். நடுவில் ஒருவரும் கேள்வி கேட்காமல் இருந்தால் மிக நன்றாகவே தெரியும்.

இதைச் சொன்னால் என் மனைவி சிரிப்பாள். அவள் சிரிக்கலாம். அவளுக்குப் பிள்ளைகள் காப்பகத்தில் வேலை. மூன்று வயதுக்காரர்களிடம் பிரெஞ்சு பழகியவள். "மூக்கைத் துடை", "கடிக்காதே", "அவனுக்கும் ஒன்று கொடு" எல்லாம் அவளுக்கு அட்சரம் பிசகாமல் வரும். நான் பழகியது ஓர் உணவகத்தின் குசினியில், கோப்பை கழுவும் தொட்டிக்கு முன்னால். அங்கே சமையற்காரர்கள் கதைப்பதில் பாதி, கெட்ட வார்த்தை. இந்த மொன்ட்ரியாலில் கெட்ட வார்த்தை என்பது தேவாலயத்துச் சாமான்களின் பெயர். நற்கருணைப் பேழையைத்தான் 'தபர்னாக்' என்கிறார்கள். தட்டு உடைந்தால் தபர்னாக். கை சுட்டால் தபர்னாக். முதலாளி உள்ளே வந்தால் மெதுவான தபர்னாக். கோயில் சாமானைச் சொல்லித் திட்டுகிற சனத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஆகவே எங்கள் வீட்டில் இரண்டு பிரெஞ்சு இருந்தது. ஒன்று பால்போத்தல் பிரெஞ்சு, மற்றது குசினிப் பிரெஞ்சு. பரீட்சைக்கு இரண்டும் உதவாது.

பரீட்சை எனக்குத்தான். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாற்பது தாண்டி, முன்மண்டை வெளித்த பிறகு, பள்ளிக்கூடப் புவியியல் பரீட்சை.

காரணம் சொல்கிறேன். திருகோணமலையில் நான் ஐஸ் கொம்பனியில் இயந்திரம் பார்த்தவன். மொன்ட்ரியாலுக்கு வந்து இரண்டு கை விரல்களும் சவர்க்காரத் தண்ணீரில் ஊறி வெளிறிய பிறகு, குளிர்சாதனம் திருத்தும் தொழிற்கல்விக்குப் போகலாம் என்று முடிவெடுத்தேன். பல்கனியில் வைத்தால் மீன் தானாக உறைகிற ஊரில் குளிர்சாதனம் திருத்தப் போகிறாயா என்று சிரித்தவர்கள் சிரிக்கட்டும். சேர்வதற்குப் பாடசாலைச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். என் சான்றிதழ்கள் வீட்டோடு எரிந்துபோயின. அலுவலகத்திலிருந்த பெண் மிக மரியாதையாக, எரிந்ததற்கு ஏதாவது அத்தாட்சி இருக்கிறதா என்று கேட்டாள். வீட்டைக் கொளுத்துகிறவன் பற்றுச்சீட்டு தருவதில்லை என்று பிரெஞ்சில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தபர்னாக் என்று சொல்லத் தெரியும். சொல்லவில்லை. புன்னகை செய்துவிட்டு வந்தேன். அந்தப் புன்னகையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்க வருகிறது.

ஆக, முதியோர் பள்ளிக்கூடம். சனிக்கிழமைகளில் பஸ் பிடித்து கார்ட்டியர்வில் பக்கம் போக வேண்டும். கணக்கு முடிந்தது. ஆங்கிலம் முடிந்தது. மிச்சம் புவியியல் ஒன்று. அதிலும் இரண்டு பகுதி: வகுப்புக்கு முன்னால் நின்று ஒரு பேச்சு, பிறகு எழுத்துப் பரீட்சை. இரண்டிலும் தப்ப வேண்டும். ஒன்றில் தவறினாலும் செப்ரெம்பரில் தொழிற்கல்வி நான் இல்லாமல் தொடங்கிவிடும். எனக்கு இன்னொரு வருடம் கோப்பை.

பேச்சுக்கான தலைப்பை ஆசிரியை ஒரு கம்பளித் தொப்பிக்குள் துண்டு போட்டு எடுக்கச் சொன்னார். ஒருவனுக்கு ஆபிரிக்காவின் ஆறுகள் கிடைத்தன. எனக்குப் பின்னால் இருக்கும் ஹெய்ட்டிக்காரிக்கு ஐரோப்பாவின் மலைகள். எனக்கு: 'பசுபிக் சமுத்திரத்தின் தீவு நாடுகள். நிலமும் சனத்தொகையும்.'

சுவரில் தொங்கிய உலகப்படத்தில் போய்த் தேடினேன். படம் வரைந்த புண்ணியவான் பசுபிக் சமுத்திரத்தை நடுவால் கிழித்து, ஒரு துண்டை இடது கரையிலும் மறு துண்டை வலது கரையிலும் ஒட்டியிருந்தான். இடது பக்கத் துண்டின் மேல், மீதியிருந்த நாடுகளுக்கு நேர் மேலே, குறிவிளக்கப் பெட்டியை வைத்திருந்தான். கறுப்புக் கோடு புகையிரதப் பாதை, சிவப்புப் புள்ளி தலைநகரம். நாட்டின் மேல் பெட்டியை ஏற்றி வைத்துவிட்டு, தலைநகரத்துக்கு என்ன நிறம் என்று அதற்குள் விளக்கம். எனக்கு அங்கேயே சுர்ரென்றது. ஆனால் அது பிந்திய கோபம். முதலில் வந்தது பயம்.

பயம் வந்தால் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் பாடமாக்குவது. விளங்குகிறதோ இல்லையோ, முதல் எழுத்திலிருந்து கடைசி முற்றுப்புள்ளி வரை பாடமாக்கி ஒரே மூச்சில் ஒப்புவிக்க வேண்டும். ஊரில் அப்படித்தான் படித்தோம், அப்படித்தான் சித்தியடைந்தோம். பாடப்புத்தகத்தைப் பார்த்து பிரெஞ்சில் நாலு பக்கம் எழுதினேன். காப்பகத்தில் மனைவியோடு வேலை செய்பவள் திருத்திக் கொடுத்தாள். பிறகு குசினியில், பஸ்ஸில், குளியலறையில், எங்கும் அதுவே. தொட்டியில் தட்டுகள் மிதக்க, "நவ்ரு என்பது இருபத்தொரு சதுர கிலோமீற்றர்" என்று முணுமுணுத்தேன். சமையற்காரர் நான் பிரார்த்தனை செய்வதாக நினைத்து ரேடியோவைக் குறைத்தார்.

மனைவி நாலு பக்கத்தையும் கையில் வைத்துக்கொண்டு கேட்பாள். நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஒருநாள் வேண்டுமென்றே குறுக்கே விழுந்தாள்.

"இஞ்சேருங்கோ, துவாலுவிலை எத்தினை சனம்?"

எனக்குத் தெரியும். மூன்றாம் பந்தியில் இருக்கிறது. ஆனால் மூன்றாம் பந்திக்குப் போக முதலாம் பந்தியால்தான் வழி. "மேடம், அன்பான சக மாணவர்களே" என்று மறுபடி ஆரம்பித்தேன்.

"ஐயோ, நான் துவாலுவைக் கேட்டனான்."

"பொறு, வந்துகொண்டிருக்கு."

"இது என்னப்பா, கசெற்றோ? முன்னுக்குச் சுத்தித்தான் வரவேணுமோ? அங்கை அவ இடையிலை ஒண்டு கேட்டா என்ன செய்வியள்?"

"கேக்க மாட்டா. நல்ல மனுசி."

"என்ரை மூண்டு வயசுக்காரர் உங்களைவிட நல்லாக் கதைக்குதுகள். பாடமாக்கினது காணும். கதைக்கப் பழகுங்கோ."

அது நல்ல புத்தி. நான் எடுக்கவில்லை. பயந்தவன் புத்தி எடுக்கமாட்டான். இன்னொரு தரம் பாடமாக்குவான்.

எங்கள் வீட்டுக்கு மேல் வீட்டில் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் இருந்தார். உடுப்புத் தொழிற்சாலையில் துணி வெட்டும் வேலை. தனி ஆள்; குடும்பம் இன்னும் வந்து சேரவில்லை. வடக்குக் கடற்கரையில் ஊர். அந்த ஊர்ச் சனத்தை ராணுவம் பாதுகாப்பு வலயம் என்று சொல்லி எழுப்பி அனுப்பியிருந்தது. கோயிலும் பள்ளிக்கூடமும் அவருடைய வீடும் முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம். சனிக்கிழமை பின்னேரம் தேத்தண்ணிக்கு எங்களிடம் இறங்கி வருவார். எல்லாவற்றிலும் அரசியல் பார்ப்பார்; தேத்தண்ணியிலும்கூட. சீனி குறைந்தால் அதற்கும் ஒரு அரசாங்கம் பொறுப்பு.

நான் ஒப்புவிப்பதைக் கேட்டவர், தமிழில் சொல் என்றார். சொன்னேன்.

"நவ்ரு அண்ணை. சின்னத் தீவு. காரிலை ஒரு மணித்தியாலத்துக்குள்ளை சுத்தி வந்திடலாம். பத்தாயிரம் சனம் மட்டிலை."

"பத்தாயிரமோ? எங்கடை ஊர்த் தேருக்கு அதைவிடக் கூட வரும்."

"ஓம் அண்ணை."

"கொடி இருக்கோ?"

"இருக்கு."

"சனாதிபதி?"

"அவரும் இருக்கிறார்."

"தபால் முத்திரை அடிக்கிறாங்களோ?"

"அடிக்கினம் அண்ணை."

அவர் தேத்தண்ணிக்கு இன்னொரு கரண்டி சீனி போட்டார். "எங்களுக்கு மட்டும்தான்ரா எல்லாம் கணக்குப் பிழைக்குது" என்றார். பிறகு, "சொல்லு, சொல்லு" என்றார். பிஜிக்கு வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தார். கரும்பு வெட்டக் கொண்டுபோன எங்கள் சனமும் அங்கே இருக்கிறது, முருகன் கோயில் இருக்கிறது என்றேன். "இருப்பினம், இருப்பினம். வெட்டுறதுக்கு எங்களை எல்லா இடமும் கூப்பிடுவாங்கள். பேந்து வெளியாலை போ எண்டு சொல்லவும் தெரியும்" என்றார். கரும்பா துணியா என்று நான் கேட்கவில்லை.

அப்படியே போய் மார்ஷல் தீவுகளுக்கு வந்தேன். அங்கே ஒரு பவளத்தீவின் பெயருக்கு நேரே பாடப்புத்தக அட்டவணையில் பூச்சியம் போட்டிருந்தது. பக்கத்தில் 'ஆளில்லாதது'. நானும் அப்படியே எழுதிப் பாடமாக்கியிருந்தேன். "சனத்தொகை பூச்சியம், ஆளில்லாத தீவு" என்று உற்சாகமாகச் சொன்னேன். குறைந்த எண் என்றால் ஞாபகம் வைப்பது சுகம்.

"ஏன் ஆளில்லை?" என்றார் அண்ணை.

"புத்தகத்திலை இல்லை அண்ணை."

"தண்ணி இல்லையோ? மரம் இல்லையோ?"

"தெரியாது."

"தெரியாமல் ஏன்ரா பாடமாக்கினனி?" கோப்பையை மேசையில் வைத்தார். "இப்ப போய் எங்கடை ஊரை ஒருத்தன் எண்ணினா என்ன எழுதுவான்? ஆளில்லாத ஊர். சனத்தொகை பூச்சியம். ஒரு கனடாக்காரன் அதைப் பாடமாக்கிப்போட்டுச் சித்தியடைவான். போய்ப் பார். ஏன் இல்லை எண்டு பார்."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. என் பரீட்சை, என் பயம், இதற்குள் இவருடைய ஊர் வேறு. ஆனாலும் அடுத்த நாள் நூலகத்துக்குப் போனேன். கடற்படைக் கப்பல் ஒன்றின் படம் போட்ட ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடைத்தது. அந்தத் தீவில் ஆட்கள் இருந்திருக்கிறார்கள். பரம்பரையாக இருந்திருக்கிறார்கள். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த அடுத்த வருடம் அமெரிக்க அதிகாரி ஒருவர் ஞாயிறு பிரார்த்தனை முடியும்வரை காத்திருந்து, மனித குலத்தின் நன்மைக்காகக் கொஞ்ச நாளைக்கு எழும்பிப் போங்கள் என்று கேட்டிருக்கிறார். பாயும் சட்டியும் ஏற்றிக்கொண்டு போய் வேறொரு தீவில் இறக்கிவிட்டு, இவர்களுடைய தீவில் அணுகுண்டு வெடித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு தரம் அல்ல. பிறகு ஒரு முறை, திரும்பிப் போகலாம் என்று அனுப்பி, மண்ணில் விஷம் போகவில்லை என்று மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். கொஞ்ச நாள் என்பது ஐம்பது வருடத்தை எட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் பத்திரிகையில் பார்த்தால், பிரான்ஸ் அதே சமுத்திரத்தில் தன் பங்குக்கு மறுபடி குண்டு வெடிக்கப்போகிறதாம். அதுவும் ஆளில்லாத தீவுதானாம்.

நாலு பக்கத்தை மாற்றினேனா? இல்லை. பயம். ஒரு வரியை உருவினால் முழுப் பேச்சும் கழன்றுவிடும்.

பேச்சு நாள் வந்தது. மனைவியின் தம்பி கலியாணத்துக்கு வாங்கிய கோட்டைப் போட்டேன். வெளியே பனிக் குளிர், கோட்டுக்குள் எனக்கு வேர்வை ஓடியது. பள்ளிக்கூடத்தில் ஒதுக்குப்புறமாக இருந்த கழிவறையில் எத்தனை தரைக்கல் உடைந்திருக்கிறது என்பதும் எனக்கு மனப்பாடம். அவ்வளவு தரம் போனேன். பெயர் கூப்பிட்டபோது, 'ஆள் வரவில்லை' என்று நானே சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

முன்னால் போய் நின்றேன். கண்ணை மூடினேன். "மேடம், அன்பான சக மாணவர்களே."

இரண்டு பந்தி தண்ணீராக ஓடியது. ஆசிரியை நல்ல மனுசி. நல்ல மனுசிகளுக்குத்தான் கேள்வி வரும். "மன்னிக்க வேண்டும் மிசியே, கிரிபாத்தி எங்கே இருக்கிறது, படத்தில் காட்டுங்கள்."

கண்ணைத் திறந்தேன். கிரிபாத்தியில் ஒரு பகுதி வலது கரையில். மறு பகுதி இடது கரையில், பெட்டிக்குக் கீழே. இரண்டு கையையும் விரித்துச் சுவரைக் கட்டிப்பிடிப்பதுபோல நின்றேன். சிரித்தார்கள். திரும்பினேன். எங்கே விட்டேன்? "மேடம், அன்பான சக மாணவர்களே."

மறுபடி இரண்டு பந்தி. இந்த முறை துவாலுவைத் தாண்டினேன். "மிக நல்லது. இந்தத் தீவுகள் கடல் மட்டத்துக்கு மேல் எவ்வளவு உயரம்?" என்றார். என் மனைவி கேட்டதைவிட இலகுவான கேள்வி. நான் கூரையைப் பார்த்தேன். "மேடம், அன்பான" என்றதும் வகுப்பே என்னோடு சேர்ந்து "சக மாணவர்களே" என்று முடித்தது. ஆசிரியைக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. மனப்பாடத்தை விட்டுவிடுங்கள் மிசியே, ஒரேயொரு சின்னக் கேள்வி, ஒரு எண்ணைச் சொன்னால் போதும் என்றார். பாடப்புத்தகத்தைத் திறந்து அந்தப் பவளத்தீவின் பெயரை வாசித்தார். "இங்கே எத்தனை பேர் வாழ்கிறார்கள்?"

என்னைக் காப்பாற்றத்தான் கேட்டார். ஒரு சொல். 'ஸெரோ.' வாய்க்குள் வந்து நின்றது. சொன்னால் வீட்டுக்குப் போகலாம்.

"மேடம்," என்றேன், "ஆக்கள் இருந்தவை."

"இப்போது, மிசியே. இப்போது எத்தனை பேர்?"

அந்த 'இப்போது' என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் கோபம் ஏறிவிட்டது. என் வாய் திறந்தபோது வந்தது காப்பகத்தவள் திருத்திய பிரெஞ்சு அல்ல. குசினிப் பிரெஞ்சு. "இப்ப எண்டா? எழுப்பினாப் பிறகு எண்ணினா பூச்சியம்தானே வரும், தபர்னாக்! சட்டி பானையோடை கப்பலிலை ஏத்தினவை. கொஞ்ச நாள் எண்டு சொன்னவை. மண்ணிலை விஷத்தைப் போட்டவை. பேந்து வந்து எண்ணிப் பாத்து ஆளில்லை எண்டு எழுதினவை! ஆளில்லையோ? ஆளை இல்லாமல் ஆக்கினது ஆர் எண்டு உந்தப் புத்தகத்திலை எந்தப் பக்கம் இருக்கு?" இடையிடையே இன்னும் சில தேவாலயச் சாமான்கள் போயின. கிண்ணம் போயிற்று. அப்பம் போயிற்று. சுவருக்குப் போய்ப் பெட்டியின் மேல் கையால் அடித்தேன். "இதுக்குக் கீழையும் சனம் இருக்கு! நீங்களும் தீவிலைதான் மேடம் இருக்கிறீங்கள், மொன்ட்ரியாலும் ஒரு தீவு, சுத்திவரத் தண்ணி. நாளைக்கு ஒருத்தன் வந்து, உலகத்தின்ரை நன்மைக்கு எழும்புங்கோ எண்டா எழும்புவீங்களோ?"

ஹெய்ட்டிக்காரி மட்டும் மேசையில் தட்டி, "சொல்லு, மிசியே, சொல்லு" என்றாள். நான் அப்போதுதான் என் குரலைக் கேட்டேன். போச்சு என்று நினைத்தேன். கோட்டோடு, தொழிற்கல்வியோடு, எல்லாம் போச்சு. பழக்க தோஷத்தில், "நன்றி, அன்பான சக மாணவர்களே" என்று கும்பிட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.

வகுப்பு முடிந்து ஆசிரியை நடைபாதையில் பிடித்தார். முகம் சிவந்திருந்தது. மொழிக்குப் புள்ளி குறைப்பதாகவும், விஷயத்துக்குக் குறைக்க முடியாது என்றும் சொன்னார். பேச்சில் தப்பிவிட்டேன். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எழுத்துப் பரீட்சையை நான் திருத்துவதில்லை மிசியே. அந்த அட்டவணை வரும். திருத்துகிறவர்களிடம் விடைத்தாள் இருக்கும். அதில் உள்ளதை எழுதுங்கள். உங்களுக்குத் தொழிற்கல்வி வேண்டும்." அவர் கெட்டவர் அல்ல. அதுதான் எனக்கு இன்னும் கோபம். கெட்டவர் என்றால் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

அட்டவணை வந்தது. தீவின் பெயர், பக்கத்தில் ஒரு எண் மட்டும் கொள்ளும் கட்டம். மற்றவற்றை எழுதி முடித்துவிட்டு அந்தக் கட்டத்துக்கு முன்னால் இருந்தேன். வெறுமையாக விட்டால் யாருக்கு என்ன? திருத்துகிறவன் எனக்குத் தெரியாது என்று நினைப்பான். தெரியாது என்று ஒருவன் நினைப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. பூச்சியம் போட்டேன். பேனை தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்திப் போட்டேன். போட்டதும் வாய் கசந்தது. கட்டத்துக்குக் கீழே, கோட்டுக்கு வெளியே, சின்ன எழுத்தில் பிரெஞ்சில் எழுதினேன்: 'இப்போதைக்கு.'

சித்தி என்று வந்தது. அந்தக் கட்டத்துக்குப் புள்ளி போட்டார்களா வெட்டினார்களா என்று எவரும் சொல்லவில்லை. செப்ரெம்பரில் தொழிற்கல்வியில் இடம் கிடைத்தது. மனைவி கேசரி கிண்டினாள். அண்ணை இறங்கி வந்தார். சந்தோஷம் தம்பி என்று கையைப் பிடித்தார். பிறகு கையை விடாமலே கேட்டார்.

"அந்தத் தீவுக்கு என்ன எழுதினனி?"

"பூச்சியம் அண்ணை."

கையை விட்டார்.

"கீழை 'இப்போதைக்கு' எண்டும் எழுதினன்."

"கீழையோ? ஏன், முன்னுக்கு எழுதியிருக்கலாமே. முதல் 'இப்போதைக்கு', பேந்து பூச்சியம்."

எனக்கு ஏறிவிட்டது. "அண்ணை, பரீட்சை எழுதினது நான்."

"ஓம்," என்றார் அவர், கேசரியைத் தொடாமல். "ஊர் என்ரை."